பாலைவனத்துக்கு ஒரு குடை

ஜூன் பிறந்தால் மூணாறு பக்கத்து எங்கள் சித்திரபுரத்தில் துணி காயாது. விறகடுப்புக்கு மேலே கொடி கட்டி உலர்த்தி, புகை வாசனையோடு சட்டை போட்டுத் திரிகிற மாதங்கள் அவை. செருப்பில் பூஞ்சணம் பூக்கும், தீப்பெட்டி நமுத்துப் போகும், உப்பு ஜாடியின் அடியில் தண்ணீர் நிற்கும். குறை சொல்லவும் வழியில்லை. திருவிதாங்கூரின் முதல் நீர்மின் நிலையமாகப் பக்கத்து ஊரான பள்ளிவாசலின் நிலையம் 1940-ல் ஓடத் தொடங்கியதே இந்த மழையை நம்பித்தான். ஊர்ப்பெயரும் அப்போதைய மகாராஜா சித்திரைத் திருநாளிடமிருந்து வந்ததுதான். மழை இல்லையென்றால் ஊரே இல்லை என்பதால் வாயை மூடிக்கொண்டு நனைகிறோம்.

அப்படி நனைந்தே ஐம்பதைத் தாண்டியவனுக்கு, ஒரு முறையாவது முழுசாகக் காய்ந்து பார்க்கலாமே என்று தோன்றியது. அதற்கு விதை போட்டவர் ஓர் ஓமான்காரர்.

வீட்டை ஒட்டி இரண்டு அறை கட்டி ஹோம்ஸ்டே என்று போர்டு மாட்டியிருக்கிறேன். ஏப்ரல், மே, அப்புறம் கிறிஸ்துமஸ் சமயம் ஆள் நிறைந்திருக்கும். ஜூலையில் காற்றாடும். அந்த மாதத்தில் வருகிறவர்கள் வளைகுடாக்காரர்கள். அவர்கள் வருவதே மழை பார்க்க. இவர் குடும்பத்தோடு வந்தார், வராந்தாவில் நாற்காலியைப் போட்டார், மழையைப் பார்த்தார். சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடியும் பார்த்தார். மூணாறு பக்கம் போய் டேம், பூங்கா எல்லாம் பார்த்து வரலாமே என்றேன். கடைகளில் பழகிய இந்தியும் மலையாளமும் கலந்து, இது போதும் என்றார். மஸ்கட்டில் ஒரு வருடம் முழுக்கச் சேர்ந்து பெய்வது சுமார் 100 மில்லிமீட்டர். எங்கள் பக்கம் சில ஜூலை நாட்களில் ஒரே நாளில் அந்தக் கணக்கு தீர்ந்துவிடும். புறப்படும்போது கையைப் பிடித்துக்கொண்டு, எங்கள் ஊருக்கு வாருங்கள், வெயில் இருக்கிறது, மணல் இருக்கிறது, கடல் இருக்கிறது என்றார். அது உபசார வார்த்தை. ராத்திரியே நான் கோடு போட்ட நோட்டு ஒன்றை எடுத்து, முதல் பக்கத்தில் "ஓமான்" என்று எழுதி அடிக்கோடு இட்டேன்.

முதலில் பாஸ்போர்ட். எங்கள் வம்சத்தின் பெரிய பயணம், கொள்ளுத்தாத்தா போடிமெட்டு ஏறி இந்த மலைக்கு வந்தது. அதன் பிறகு யாருக்கும் பாஸ்போர்ட் தேவைப்படவில்லை. விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. எனக்கு இருப்பதெல்லாம் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்தும் ஒரு புள்ளியும். இனிஷியலைப் போடக் கூடாது, விரித்துத்தான் எழுத வேண்டும். விரித்தால் அப்பா பெயர். அது ஆதாரில் ஒரு மாதிரி, மலையாளம் வழியாக ஆங்கிலத்துக்குப் போன ரேஷன் கார்டில் ஒரு மாதிரி, நான் படித்த தமிழ்ப் பள்ளியின் சான்றிதழில் வேறு மாதிரி. மூன்று அப்பாக்களில் யாரை அழைத்துப் போவது? யாரும் வேண்டாம் என்று கட்டத்தைக் காலியாக விட்டேன். இ-சேவை மையமான அக்ஷயா சென்டரில் இருந்த பெண், "அண்ணா, அப்பா பேரைத் திருத்திச் சேத்துக்கலாம், கொஞ்ச நாள்தான் ஆகும்" என்றது. எனக்கு அந்தக் கொஞ்ச நாள் பொறுக்கவில்லை.

என் மனைவி பத்தாவது முடிக்காதவள். பத்தாவது தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் குடியகல்வுச் சோதனை தேவை என்று குறிப்பு வரும். 1983-ஆம் ஆண்டுச் சட்டப்படி, சில நாடுகளுக்கு வேலைக்குப் போகிற படிக்காத தொழிலாளிகள் ஏமாந்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. அந்தப் பட்டியலில் ஓமானும் உண்டு. சுற்றிப் பார்க்கப் போகிறவரை அது தடுக்காது. இது தெரிந்தும் நான் அவளைக் கிண்டல் செய்தேன். "உனக்குத்தான் சோதனை, எனக்கு இல்ல, நான் டிகிரி" என்று காலரைத் தூக்கிவிட்டேன். பாஸ்போர்ட் அலுவலகத்தில் என் சான்றிதழை நீட்டினால், அங்கே இருந்தவர் அதைத் தொடவே இல்லை. ஐம்பது வயது தாண்டியவர்களுக்கு அந்தக் குறிப்பு கிடையாதாம். எனக்கு விலக்கு வாங்கித் தந்தது என் நரைத்த தலை. பக்கத்தில் நின்ற மனைவி சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலாம்.

போலீஸ் விசாரணைக்கு வந்தவர், "எந்தா ஜோலி?" என்றார். வேலைக்கு இல்லை சார், சும்மா பார்க்கப் போகிறோம் என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு எங்கள் வீட்டைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைதான் ஊர் முழுக்கப் பரவியது. எங்கள் பக்கத்தில் கல்ஃப் என்றால் விசா, கடன், ஏஜென்ட், வீடு கட்டுதல். காசு கொடுத்து அங்கே போய்ச் சும்மா நின்றுவிட்டு வருகிறவன் என்றால் யாரும் நம்பத் தயாரில்லை. ஒரு வாரத்தில் என் ஹோம்ஸ்டே நொடித்துவிட்டது, பேங்க்காரன் நோட்டீஸ் ஒட்டப் போகிறான், இந்த வயதில் மனுஷன் கிளீனிங் வேலைக்குப் போகிறான் என்று டீக்கடையில் முடிவாகிவிட்டது. பால் ஊற்றுகிறவர் பழைய பாக்கியைக் கேட்டார். அடுத்த லைனில் இருக்கும் பாட்டி வந்து என் கன்னத்தைத் தடவி, "வெயில்ல தலையில துண்டு போட்டுக்கடா" என்று அழுதாள். கூடவே அங்கிருக்கும் பேரனுக்கு நாரத்தங்காய் ஊறுகாயும் கொடுத்தனுப்பப் பார்த்தாள். மறுக்க மனம் வராமல் வாங்கி வைத்தேன்.

மனைவியின் தம்பி பல வருடமாக மஸ்கட்டில் ரூவி பக்கம் ஏசி மெக்கானிக். அவனைக் கேட்டிருந்தால் இந்தப் பத்தி எழுத விஷயமே இருந்திருக்காது. ஆனால் அவன் அறையில் நாலு பேரோடு தங்க வேண்டி வரும், அவனும் லீவு போட்டு அலைவான், நாம் விருந்தாளியாகப் போகிறோம் ஆளாகப் போகவில்லை என்றெல்லாம் காரணம் சொல்லி, அவனுக்குத் தெரிய வேண்டாம் என்று வீட்டில் உத்தரவு போட்டேன். உண்மைக் காரணம் வேறு. அக்காவை வெளிநாடு கூட்டிப் போகிற அத்தானாக அவன் முன்னால் திடீரென்று போய் நிற்க வேண்டும் என்ற ஆசை.

ஆகவே திட்டம் முழுக்க என் சொந்தத் தயாரிப்பு. நோட்டில் இப்போதும் இருக்கிறது. வெள்ளிக்கிழமை: மஸ்கட்டில் சுல்தான் கபூஸ் பெரிய மசூதி. 2001-ல் திறந்தது. உள்ளே 70 மீட்டர் நீளம், 60 மீட்டர் அகலத்தில், 21 டன் எடையில், ஈரானில் 600 பெண்கள் கையால் நெய்த ஒரே கம்பளம். இவ்வளவையும் படித்துக் குறித்த நான், வெள்ளிக்கிழமை முஸ்லிம் அல்லாதவர்களுக்கு அனுமதி இல்லை என்ற வரியைப் படிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை: நிஸ்வா கோட்டையும் ஆட்டுச் சந்தையும். அந்தச் சந்தை கூடுவது வெள்ளிக்கிழமை காலையில். இரண்டையும் மாற்றிப் போட்டிருந்தால் இரண்டுமே சரியாக இருந்திருக்கும்.

பணக் கணக்கு இன்னும் மோசம். பெட்ரோல் லிட்டர் 239 பைசா என்று எங்கோ படித்துவிட்டு, இரண்டு ரூபாய் முப்பத்தொன்பது காசுக்கு நாடு முழுக்கச் சுற்றலாம் என்று காரை வாடகைக்குப் பிடிக்க முடிவு செய்தேன். அறை ஒரு ராத்திரிக்கு 25 என்று போட்டிருந்ததும் அப்படியே இனித்தது. ஓமான் ரியாலுக்கு ஆயிரம் பைசா. ஒரு ரியால் நம் பணத்தில் 200 ரூபாய்க்கு மேல். அப்படிப் பார்த்தால் பெட்ரோல் ஐம்பது ரூபாய், அறை ஐயாயிரத்துக்கு மேலே. மகன்தான் கால்குலேட்டரில் தட்டிக் காட்டினான். நான் முற்றிலும் முட்டாள் இல்லை என்பதற்கு ஒரு ஆதாரம் உண்டு: 1959-லிருந்து நம் ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கென்றே தனி ரூபாய் அச்சடித்துக் கொடுத்தது, ஓமானில் அது 1970 வரை ஓடியது. என் கணக்கு தப்பில்லை, ஐம்பது வருடம் தாமதம், அவ்வளவுதான்.

அப்புறம் ஆமை. ராஸ் அல் ஜின்ஸ் என்கிற கடற்கரையில் பச்சைக் கடலாமைகள் ராத்திரியில் கரையேறி முட்டையிடும். அதற்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை நல்ல காலம். என் நோட்டில் பிழை இல்லாத ஒரே வரி ஆமையுடையது. ஆனால் அதற்கு அடுத்த வரியில் "காலை டிபன் முடித்து சலாலா" என்று எழுதியிருந்தேன். வரைபடத்தில் இரண்டுக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி. மஸ்கட்டிலிருந்து சலாலாவுக்கு ரோட்டு வழி சுமார் ஆயிரம் கிலோமீட்டர். கிட்டத்தட்ட இங்கிருந்து சென்னை போய்த் திரும்புகிற தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆமைக் கடற்கரையிலிருந்து போனாலும் பெரிதாகக் குறையாது.

நடுவில் துபாய் ஆசையும் புகுந்தது. போகிற வழிதானே, ஒரு கட்டடத்தையாவது அண்ணாந்து பார்த்துவிட்டுப் போவோம் என்று. அங்கேதான் காலியாக விட்ட கட்டம் பதில் சொன்னது. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் விடுவதில்லை என்று 2022 நவம்பரில் அமீரகம் உத்தரவு போட்டிருக்கிறது. தந்தை பெயர் இரண்டாம் பக்கத்தில் இருந்தால் பார்க்கலாம் என்று பிறகு கொஞ்சம் தளர்த்தியும் இருக்கிறார்கள். விசாரித்த இடத்தில் ஆளுக்கொரு மாதிரி சொன்னார்கள். துபாயை அடித்துவிட்டேன். அக்ஷயா சென்டர் பக்கம் போவதையும் கொஞ்ச காலம் தவிர்த்தேன்.

இதற்குள் 2024 மார்ச்சில், பாலைவனத்தில் ஆடு மேய்க்கச் சிக்கியவனின் கதையான 'ஆடுஜீவிதம்' படம் வந்துவிட்டது. மனைவி கூட்டமாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். மறுநாள் காலையில் காபி வைக்கும்போதே சொல்லிவிட்டாள், "ஏங்க, மணலும் வேணாம், ஆடும் வேணாம்." அது சவுதியில் நடக்கிற கதை, நாம் போவது ஓமான், படம் எடுத்ததோ ஜோர்டானில் என்று நான் எவ்வளவோ விளக்கினேன். "மணலுக்கு எல்லைக்கல் போட்டிருக்காங்களா?" என்றாள். எனக்குப் பதில் இல்லை. ரூப் அல் காலி என்கிற அந்தப் பெரிய மணற்காடு சவுதி, ஓமான், அமீரகம், ஏமன் நான்கிலும் கிடக்கிறது. நிஸ்வா ஆட்டுச் சந்தை இரண்டாம் முறையாக அடிபட்டது.

மாதம் மட்டும் ஜூலைதான், மாற்ற முடியாது. மற்ற மாதங்களில் விருந்தினர் இருப்பார்கள், எங்களுக்குச் சோறு போடுகிறவர்கள் அவர்கள். ஜூலை பாலைவனத்தில் எப்படி இருக்கும் என்று நான் யோசித்தது இவ்வளவுதான்: நன்றாகக் காயலாம். கடலோரம் குரையாத் என்கிற ஊரில் ஒரு ராத்திரி தங்க இடம் பார்த்து வைத்திருந்தேன். 2018 ஜூன் 26-ஆம் தேதி, அந்த ஊரில் இருபத்துநாலு மணி நேரத்தில் வெப்பம் 42.6 டிகிரிக்குக் கீழே இறங்கவே இல்லை, ராத்திரியிலும்தான். உலகத்திலேயே அதிகமான குறைந்தபட்ச வெப்பம் என்று அது பேர் வாங்கியது. நாடு முழுக்க அத்தனை ஊர் இருக்க என் விரல் போய் நின்ற ஊர் அது.

இதைச் சொன்னவன் மச்சினன். எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள்; ஊறுகாய்ப் பாட்டியின் பேரன் அவன் அறைக்காரன். போன் வந்தது. "அத்தான், எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கப்படாதா? இங்க ஜூன்லேருந்து ஆகஸ்ட் வரைக்கும் மத்தியானம் பன்னெண்டரைலேருந்து மூன்றரை வரைக்கும் வெளி வேலைக்கு ஆள நிறுத்தப்படாதுன்னு சட்டமே இருக்கு. நீங்க காசு குடுத்து நிக்க வரீங்களா?" சம்பளம் வாங்குகிறவனையே வெயிலில் நிறுத்தாதே என்று அரசாங்கம் சொல்கிற மாதத்தில், அந்த வெயிலுக்கு நான் அட்வான்ஸ் கட்டியிருந்தேன். அவன் கோபத்தில் நியாயம் இருந்தது. விருந்தாளி, ஆள் என்று நான் பிரித்து வைத்திருந்ததை அந்தச் சட்டம் ஒரே நிழலில் உட்கார வைத்துவிட்டது.

அவனே வழியும் சொன்னான். ஜபல் அக்தர் மலை குளிராக இருக்கும், ஆனால் அடிவாரத்தில் போலீஸ் செக்போஸ்ட். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி இல்லையென்றால் மேலே விடமாட்டார்கள். அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டேன். மலைச்சரிவில் படிப்படியாகத் தோட்டம், வாய்க்காலில் தண்ணீர், மாதுளை, ரோஜா. ரோஜா ஜூலைக்கு முன்பே முடிந்துவிடும். போனை ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த மனைவி, "மலையிலேருந்து மலைக்கா போறோம்?" என்றாள். சரி, அப்படியானால் சலாலா போங்கள் அத்தான், ஜூலையில் அங்கே மட்டும் நல்லா இருக்கும், மஸ்கட்காரனெல்லாம் அங்கேதான் ஓடுவான் என்றான். நல்லா இருக்கும் என்றால் எப்படி நல்லா இருக்கும் என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. நிம்மதிப் பெருமூச்சோடு அன்று ராத்திரியே டிக்கெட் போட்டேன். ரத்து செய்தால் பாதிக்கு மேல் போய்விடும் என்கிற மலிவு டிக்கெட்.

மறுநாள் மகன் சலாலா வீடியோ ஒன்றை டிவியில் போட்டான். வெளியே மழை. வீட்டுக்குள் எல்லாரும் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தோம். திரையில் பச்சைப் புல் போர்த்திய குன்று. குன்றின் மேல் இறங்கி வருகிற மூடுபனி. வளைந்து போகும் ரோட்டில் முகப்பு விளக்கு எரியவிட்டு, வைப்பர் ஓட ஓட வரிசையாகக் கார்கள். ஓரத்தில் கீற்றுக் கொட்டகை. அதில் இளநீர், பப்பாளி, தார் தாராக வாழைப்பழம். வெள்ளை அங்கி போட்டவர்கள் குடும்பம் குடும்பமாக ஜமுக்காளம் விரித்து, மெல்லிய சாரலில் வேண்டுமென்றே நனைந்துகொண்டிருந்தார்கள். கரீஃப் என்பார்கள் அதை. ஜூன் 21 முதல் செப்டம்பர் 21 வரை. எங்கள் கூரையில் கொட்டுகிற அதே தென்மேற்குப் பருவக்காற்றின் ஓர் ஓரம் தோஃபார் மலையில் இடித்து, தூறலாக இறங்குகிறது.

வீட்டில் யாரும் பேசவில்லை. மனைவிதான் கடைசியில் சொன்னாள், "இது நம்ம ஊர் ரெண்டாம் மைலுங்க." பிறகு என்னைப் பார்த்து, "இதுக்கு எவ்வளவு கட்டினீங்க?"

ரத்து செய்ததில் போனது போக மிச்சத்துக்குத் துணி உலர்த்துகிற மெஷின் ஒன்று வாங்கினோம். பாட்டியின் ஊறுகாயை மச்சினனின் நண்பர் ஒருவர் வந்து வாங்கிப் போனார். ஊருக்கு நான் சொன்ன விளக்கம், விசா தாமதம். கல்ஃப் வேலை தட்டிப்போனதற்கு டீக்கடையில் எல்லாரும் மனப்பூர்வமாக வருத்தப்பட்டார்கள். பால்காரர் பாக்கியைப் பிறகு தரலாம் என்றுகூடச் சொன்னார்.

எனக்கு உண்மையிலேயே விட்டுப் போனது ஒன்று உண்டு. அது மணலும் இல்லை, கம்பளமும் இல்லை. சலாலாவில் சேரமான் பெருமாள் கல்லறை என்று ஒன்றைக் காட்டுகிறார்கள். மக்காவுக்குப் போன சேர மன்னர் திரும்பும் வழியில் அங்கே இறந்தார் என்பது செவிவழிக் கதை. கதையை விடுங்கள். சலாலாவுக்குக் கிழக்கே சுமார் 40 கிலோமீட்டரில் கோர் ரோரி என்கிற இடம் இருக்கிறது. சாம்பிராணி ஏற்றிய பழைய துறைமுகம் சும்ஹுரம் அங்கேதான். 2006-ல் இத்தாலிய ஆய்வாளர்கள் அங்கே தோண்டியபோது ஒரு பானை ஓடு கிடைத்தது. அதில் தமிழ் பிராமியில் கீறிய பெயர், "ணந்தை கீரன்". கி.பி. முதல் நூற்றாண்டை ஒட்டியது என்கிறார்கள். கீரன் பருவக்காற்றின் கணக்கு தெரிந்து கப்பல் ஏறியிருப்பார், எந்த மாதம் போக வேண்டும் என்று யாரையாவது கேட்டும் இருப்பார். எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டு சொல்லில் பெயர் வைத்திருந்திருக்கிறார். அமீரகமே தடுத்திருக்காது.

அதனால், போகிற எண்ணம் உள்ளவர்களுக்கு: மணலும் கடலும் வேண்டுமானால் நவம்பர் முதல் பிப்ரவரி வரை போங்கள். மலைநாட்டுக்காரர்கள் ஜூலையில் சலாலாவுக்குக் காசு செலவழிக்க வேண்டாம்; சென்னைக்காரர்களும் மதுரைக்காரர்களும் தாராளமாகப் போகலாம், குடை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த மாதம் போனாலும் கோர் ரோரியைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் குடும்பப் பெயருக்கு உரிய கட்டத்தைத் தயவுசெய்து நிரப்புங்கள்.